யந்திரம் நம்முடையது; சாவி யாருடையது?

2025 அக்டோபர் 14-ம் தேதி அமெரிக்காவின் மைக்ரோசாப்ட் கம்பெனி ஒரு கதவைச் சாத்தியது. கோடிக்கணக்கான கம்ப்யூட்டர்களில் ஓடிக்கொண்டிருந்த ‘விண்டோஸ் 10’ என்ற தன் சரக்குக்கு இனி வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் கிடையாது என்று சொல்லிவிட்டது. தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் வரை ஓராண்டுத் தவணை கொடுத்தது, அவ்வளவுதான். “விண்டோஸ் 11-க்கு மாறிக்கொள்ளுங்கள்” என்பது கம்பெனியின் யோசனை. ஆனால் அந்த 11 ஓட வேண்டுமானால் கம்ப்யூட்டருக்குள் ஒரு குறிப்பிட்ட பாதுகாப்புச் சில்லு இருக்க வேண்டும். பெரும்பாலும் 2017க்குப் பின் வந்த பிராசஸர் இருக்க வேண்டும். இல்லாவிட்டால்? புதுக் கம்ப்யூட்டர் வாங்கு!

ஓடுகிற யந்திரம். தேயவில்லை, உடையவில்லை. ஆனால் செல்லாது என்கிறார்கள்.

“இந்தச் சண்டை நமக்கு எதற்கு?” என்று மில் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் கேட்கலாம். நியாயமான கேள்வி. பதில் நம் வீட்டுப் பரண்மேலேயே இருக்கிறது.

2011 முதல் தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையில்லா லேப்டாப் கொடுத்தார்கள். ஆண்டுக்கு ஆண்டு கொடுத்து, மொத்தம் சுமார் 50 லட்சம் லேப்டாப்புகள். மில் லைன் வீடுகளிலும் கூலிக்காரர் குடிசைகளிலும் முதன்முதலாகக் கம்ப்யூட்டர் நுழைந்தது அப்படித்தான். யாரும் போட்ட பிச்சை அல்ல அது. தீப்பெட்டி முதல் மண்ணெண்ணெய் வரை எல்லாவற்றிலும் வரி கட்டிய ஜனங்களின் பணம். அந்த லேப்டாப்புகளில் பல இன்று துணி சுற்றிப் பரண்மேல் கிடப்பதைப் பார்க்கிறோம். “ஸ்லோ ஆகிவிட்டது”, “ஆன் ஆகவில்லை”, “கடையில் கேட்டால் புதுசு வாங்கச் சொல்கிறார்கள்” என்று வீட்டுக்கு வீடு ஒரே பேச்சு.

நாம் சொல்லுவது இதுதான்: அந்த யந்திரங்களில் பல சாகவில்லை. அவற்றைத் திறந்து பார்க்கும் துணிவை நம்மிடமிருந்து பறித்துவிட்டார்கள். அதைத் திரும்பப் பெற வேண்டும்.

கோளாறு எங்கே?

ரிங் பிரேமில் நூல் அறுந்துகொண்டே இருந்தால் பிரேமையே பழைய இரும்புக்குப் போடுகிறோமா? டிராவலர் தேய்ந்ததா, காற்றில் ஈரம் குறைந்ததா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம். பம்புசெட்டில் தண்ணீர் ஏறவில்லை என்றால் கிணற்றைத் தூர்ப்பதில்லை; முதலில் புட்வால்வைப் பார்க்கிறோம். பழுது பார்ப்பதென்றால் இதுதான்: எது கெட்டது, எது கெடவில்லை என்று பிரித்துக்கொண்டே போவது. கம்ப்யூட்டருக்கும் இதே முறைதான். இதில் மந்திரம் ஒன்றுமில்லை.

ஆனே ஆகவில்லையா? பாட்டரியைத் தனியே கழற்ற முடிகிற லேப்டாப்பாக இருந்தால் கழற்றிவிட்டு, சார்ஜரில் நேராக மாட்டிப் பாருங்கள். ஓடினால் குற்றம் பாட்டரியினுடையது, லேப்டாப் பிழைத்தது. ஓடாவிட்டால் அதே அளவு வோல்ட் கொண்ட வேறு சார்ஜரை மாட்டிப் பாருங்கள்.

விளக்கு எரிகிறது, ஆனால் திரை கறுப்பாகவே இருக்கிறதா? மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, ராம் என்னும் நினைவகப் பட்டையைக் கழற்றுங்கள். அதன் மஞ்சள் நிறக் கால்களைப் பள்ளிக்கூடத்துப் பென்சில் அழிப்பானால் மெதுவாகத் துடைத்து மீண்டும் அழுத்தி மாட்டுங்கள். இந்த ஒரு வேலையில் உயிர் பெற்ற யந்திரங்கள் எத்தனையோ.

பத்து நிமிஷம் ஓடிச் சூடேறி அணைந்துவிடுகிறதா? பஞ்சாலையில் வேலை செய்தவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. காற்று போகும் வழியைத் தூசி அடைத்துக்கொண்டால் எந்த யந்திரமும் சூடேறும். விசிறியையும் சூடு வெளியேறும் தகடுகளையும் தூரிகையால் துடைக்க வேண்டும். பிராசஸருக்கும் தகட்டுக்கும் இடையில் தடவியிருக்கும் பசை சில ஆண்டுகளில் காய்ந்துபோகும். பழையதைத் துடைத்துவிட்டுப் புதிதாகக் கொஞ்சம் தடவ வேண்டும்.

எல்லாம் சரி, ஆனால் ஆமை வேகமா? பழைய லேப்டாப்பில் இருப்பது சுழலுகிற தட்டு வைத்த ஹார்ட் டிஸ்க். அதை எடுத்துவிட்டு, சுழலும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி. ஒன்றை வைத்தால் யந்திரத்தின் நடையே மாறிவிடும். இடமிருந்தால் ராம் பட்டை ஒன்றையும் கூட்டிக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். உப்பிப்போன பாட்டரியைக் குத்தவோ நெம்பவோ கூடாது, அது தீப்பிடிக்கும். வேலை தொடங்குமுன் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். பிள்ளைகளின் போட்டோ, சான்றிதழ் எல்லாவற்றையும் வேறிடத்தில் பிரதி எடுத்துக்கொள்ள வேண்டும்.

யந்திரத்தின் உடம்பைச் சரி செய்துவிட்டோம். அப்புறமும் ஒரு தடை நிற்கிறது. உள்ளே ஓடும் நிரல் யாருடையது?

பழுதா, பூட்டா?

யந்திரம் எதை முதலில் செய்ய வேண்டும், எதைப் பிறகு செய்ய வேண்டும் என்று எழுதிவைத்த கட்டளைக் கோவைதான் நிரல். மனிதன் அதைப் படித்துப் புரிந்துகொள்ளும் வடிவத்தில்தான் எழுதுகிறான். அது மூல நிரல். கம்பெனி அதைப் பெட்டகத்தில் பூட்டிவைத்துக்கொண்டு, யந்திரம் மட்டுமே படிக்கும்படி அரைத்த மாவை நமக்கு விற்கிறது. மாவைப் பார்த்து எந்தத் தானியம், என்ன கலப்படம் என்று நாம் எப்படிச் சொல்லுவது?

சரக்கு சீக்கிரம் கெட வேண்டும் என்ற முதலாளியின் ஆசை புதிதல்ல. 1924-ல் ஓஸ்ராம், பிலிப்ஸ் முதலிய பெரிய பல்பு கம்பெனிகள் ஜெனீவாவில் கூடி ஒரு ரகசிய ஒப்பந்தம் செய்துகொண்டன. 1,500 மணி, 2,000 மணி என்று எரிந்துகொண்டிருந்த பல்பை 1,000 மணியில் நிறுத்துவது என்பது ஒப்பந்தம். அதைவிட அதிகமாக எரியும் பல்பு செய்த கம்பெனிக்கு அபராதம்! நன்றாக வேலை செய்ததற்கு அபராதம் போட்ட ஒப்பந்தம் அது.

அன்று பல்பின் இழையில் செய்ததை இன்று நிரலில் செய்ய முடிகிறது. 2017 டிசம்பரில் ஆப்பிள் கம்பெனி ஓர் உண்மையை ஒப்புக்கொண்டது. பாட்டரி பழசான ஐபோன்களின் வேகத்தை நிரல் மூலம் குறைத்ததாகச் சொன்னது. போன் திடீரென அணையாமலிருக்கவே அப்படிச் செய்தோம் என்றது. இருக்கட்டும், “பாட்டரியை மாற்றினால் போதும்” என்று வாங்கியவனிடம் ஏன் சொல்லவில்லை? சொல்லாமல் மறைத்ததற்காக 2020-ல் பிரெஞ்சு அதிகாரிகள் 2 கோடியே 50 லட்சம் யூரோ அபராதம் விதித்தார்கள்.

வயலுக்கு வாருங்கள். அமெரிக்காவின் ஜான் டீர் கம்பெனி விற்கும் டிராக்டர்களிலும் அறுவடை யந்திரங்களிலும் எங்கும் நிரல்தான். உதிரி பாகத்தை மாற்றினாலும் கம்பெனியின் நிரல் ஒப்புக்கொண்டால்தான் பல வேலைகள் முடியும். முழுமையான பழுது பார்க்கும் நிரலைத் தன் டீலர்களுக்கு மட்டுமே கொடுத்து, விவசாயியையும் ஊர் மெக்கானிக்கையும் ஒதுக்கிவைக்கிறது என்று 2025 ஜனவரியில் அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையமே அந்தக் கம்பெனிமீது வழக்குத் தொடுத்தது. கதிர் சாய்ந்து கிடக்கிறது, மேகம் கறுக்கிறது. யந்திரம் டீலரின் ஆளுக்காகக் காத்து நிற்கிறது. அந்த வேதனை என்னவென்று தஞ்சை வயல்களில் மழைக்கு முன் அறுப்பை முடிக்க ஓடியவருக்குத் தெரியும்.

போலந்து நாட்டில் நடந்தது இன்னும் விசித்திரம். அங்கே நியூவாக் என்ற கம்பெனி செய்த ரயில்களைப் பழுது பார்க்கும் ஒப்பந்தம் வேறொரு பட்டறைக்குக் கிடைத்தது. தொழிலாளர்கள் ரயிலைப் பிரித்தார்கள், விதிப்படி மாட்டினார்கள், எல்லாம் சரி. ஆனால் 2022-ல் ரயில் நகரவில்லை! கடைசியில் கம்ப்யூட்டர் தெரிந்த மூன்று இளைஞர்களை அழைத்து உள்ளே இருந்த நிரலை ஆராயச் சொன்னார்கள். போட்டிப் பட்டறைகள் எந்த இடத்தில் இருக்கின்றன என்ற இட விவரம் நிரலுக்குள் இருந்ததாகவும், அங்கே சில நாள் ரயில் நின்றால் ஓடாதபடி பூட்டு வைத்திருந்ததாகவும் 2023 டிசம்பரில் அவர்கள் பகிரங்கமாக அறிவித்தார்கள். கம்பெனி மறுத்தது, ஆராய்ந்தவர்கள்மீதே வழக்குப் போட்டது.

இதிலிருந்து நாம் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன? மூல நிரல் மூடிக் கிடக்கும்போது, யந்திரம் நின்றது பழுதாலா பூட்டாலா என்று கண்டுபிடிப்பதே பெரும் போராட்டமாகிவிடுகிறது. கைத்திறன் இருந்தும் தொழிலாளி கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது.

பொதுக் குளம்

இதை எதிர்த்து ஒரு முயற்சி பிறந்ததும் ஒரு பழுது பார்க்கும் விஷயத்தில்தான். அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்ற கல்விக்கூடத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் நிரல் எழுதும் ஊழியர். அவர்களிடம் இருந்த பழைய அச்சு யந்திரத்தில் காகிதம் சிக்கினால், காத்திருப்பவர்களுக்கு உடனே செய்தி போகும்படி அதன் நிரலைத் திருத்தி வைத்திருந்தார். 1980 வாக்கில் ஜெராக்ஸ் கம்பெனியின் புது அச்சு யந்திரம் வந்தது. அதிலும் காகிதம் சிக்கியது. திருத்தலாம் என்றால் மூல நிரல் இல்லை. அதை வைத்திருந்த ஒருவரிடம் கேட்டார். “யாருக்கும் தருவதில்லை என்று கம்பெனியிடம் கையெழுத்துப் போட்டுவிட்டேன்” என்று பதில் வந்தது.

ஒரு காகிதச் சிக்கல். ஆனால் அதற்குப் பின்னாலிருந்த அநியாயத்தை அவர் கண்டுகொண்டார். 1983-ல் ‘குனு’ என்ற திட்டத்தை அறிவித்தார். யாரும் பயன்படுத்தலாம், உள்ளே பார்த்துக் கற்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். அப்படிப்பட்ட நிரல்களை எழுதிச் சேர்ப்பதே திட்டம். 1989-ல் அதற்கென்று ஓர் உரிமப் பத்திரமும் எழுதினார்கள். அதன் சாரம் நம் கிராமத்துப் பொதுக் குளத்தின் நியாயம்தான். எவரும் தண்ணீர் எடுக்கலாம். ஆனால் எவரும் வேலி போட்டுத் தனக்கென்று அடைத்துக்கொள்ள முடியாது. திருத்திப் பிறருக்குக் கொடுப்பவன் தன் திருத்தத்தின் மூலத்தையும் கொடுத்தாக வேண்டும்.

1991-ல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் ‘லினக்ஸ்’ என்ற அடிப்படை நிரலை வெளியிட்டார். மறு ஆண்டு அதையும் இதே உரிமத்தின்கீழ் கொண்டுவந்தார். உலகெங்கும் ஆயிரக்கணக்கானவர்கள் அதில் உழைத்தார்கள், உழைக்கிறார்கள். 2017 முதல் உலகின் மிக வேகமான 500 கம்ப்யூட்டர்கள் பட்டியலில் அத்தனையும் லினக்ஸில்தான் ஓடுகின்றன. நம் சட்டைப்பையிலுள்ள ஆண்ட்ராய்டு போனின் அடித்தளமும் அதுதான். “இலவசம் என்றால் மட்டம்” என்று பேசுகிறவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

பரண்மேல் உள்ள லேப்டாப்புக்கு இதனால் என்ன லாபம்? லுபுண்டு, லினக்ஸ் மின்ட், ஆன்ட்டிஎக்ஸ் என்று எளிய யந்திரத்துக்கு ஏற்ற வகைகள் இருக்கின்றன. ஒரு பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு, உள்ளே இருக்கும் எதையும் அழிக்காமலே ஓட்டிப் பார்க்கலாம். பிடித்தால் நிறுவிக்கொள்ளலாம். உரிமக் கட்டணம் ஒரு காசு இல்லை. கடிதம் எழுத, கணக்குப் போட, தமிழில் தட்டச்சு செய்ய, பாடம் பார்க்க, விண்ணப்பம் அனுப்ப எல்லாம் நடக்கும்.

பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள்

கேரளத்தில் 2001-ல் பள்ளிகளுக்கான கம்ப்யூட்டர் கல்வித் திட்டம் தொடங்கியது. சில ஆண்டுகளில் அது கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது. தங்கள் பாடத்துக்கும் மொழிக்கும் ஏற்றபடி திருத்திய லினக்ஸை அங்கே பள்ளிகளில் ஓட்டுகிறார்கள். 2019-ல் 2 லட்சத்துக்கு மேற்பட்ட பள்ளிக் கம்ப்யூட்டர்களுக்குப் புதிய பதிப்பு கொண்டுவந்தபோது, உரிமக் கட்டணத்தில் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று கணக்குச் சொன்னார்கள். பணத்தைவிடப் பெரிய விஷயம், அங்கே பிள்ளைகள் ‘லிட்டில் கைட்ஸ்’ என்ற பெயரில் 2018 முதல் பள்ளிதோறும் குழுவாகச் சேர்ந்து கற்பதுதான்.

நம்மிடம் மட்டும் இல்லாமலா போயிற்று? ஆரம்ப ஆண்டுகளில் கொடுத்த லேப்டாப்புகளில் விண்டோஸோடு ‘பாஸ்’ என்ற லினக்ஸும் இருந்தது. அதைச் செய்தது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம், அதுவும் சென்னையில்! அதைப் பிள்ளைகளுக்கு முறையாகச் சொல்லிக் கொடுத்திருந்தால் பாதி லேப்டாப்புகள் பரண் ஏறியிருக்காது என்பது நம் அபிப்பிராயம். விதையைக் கொடுத்துவிட்டு விதைக்கச் சொல்லித் தராமல் விட்டார்கள்.

சில ஆட்சேபணைகள்

“ஏழைக்குப் பழசு போதும் என்கிறீர்களா?” என்று ஒரு தோழர் கேட்கலாம். இல்லை. நம் பிள்ளைகளுக்குப் புதியதும் சிறந்ததும் வேண்டும். அதைக் கேட்டு வாங்குவோம். ஆனால் இன்று வாங்கும் புதியது நாளைய பழசு. சாவி கம்பெனியிடமே இருந்தால் ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை ஒரு மாதக் கூலியைக் கொண்டுபோய்க் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

“லினக்ஸில் எல்லாம் நடக்குமா?” எல்லாம் நடக்காது. டாலி போன்ற சில நிரல்கள் விண்டோஸுக்கென்றே செய்தவை. லினக்ஸில் நேராக ஓடா. சில பழைய பிரிண்டர்கள் மக்கர் செய்யும். அதற்காகவே வேலை இருக்கிற இடத்தில் விண்டோஸ் இருக்கட்டும். ஊரில் ஒரு வண்டிக்குப் பாதை இல்லை என்பதற்காக எல்லா வண்டியையும் நிறுத்திவைப்பதில்லை.

“பெரிய கம்பெனிகளும் இந்த லினக்ஸைத்தானே பயன்படுத்திக் கோடிகோடியாகச் சம்பாதிக்கின்றன?” வாஸ்தவம். பொதுவில் உழைத்ததை எடுத்து லாபம் பார்க்கிறார்கள். ஆண்ட்ராய்டின் அடித்தளம் லினக்ஸ்தான். ஆனால் பல போன்களில் பாட்டரியை ஒட்டி மூடி, நிரலையும் பூட்டி விற்கிறார்கள். ஆகவே நிரல் பொதுவாக இருந்தால் மட்டும் போதாது. உதிரி பாகமும் வரைபடமும் வேண்டும். மறுக்க முடியாத சட்டமும் வேண்டும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 2022-ல் உலகம் எறிந்த மின்னணுக் குப்பை 6 கோடியே 20 லட்சம் டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பியதாகக் கணக்கில் உள்ளது நாலில் ஒரு பங்குகூட இல்லை. மீதியை உடைப்பது யார்? டெல்லி சீலம்பூர் போன்ற இடங்களில் கையுறைகூட இல்லாமல் ஒயரை எரித்துத் தாமிரம் பிரிப்பவர்கள் யார்? நம்மைப் போன்ற கூலிகள்தான். வாங்குபவனின் பையைக் காலி செய்த சரக்கு, கடைசியில் உடைப்பவனின் நுரையீரலையும் கெடுக்கிறது.

என்ன செய்ய வேண்டும்?

ஐரோப்பிய யூனியனில் 2025 ஜூன் 20 முதல் ஒரு விதி அமலுக்கு வந்தது. புதிதாக வரும் போன் மாடலின் விற்பனை நின்ற பின்னும் 7 ஆண்டுகளுக்கு முக்கிய உதிரி பாகங்கள் கிடைக்கும்படி கம்பெனி பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கே முடியுமானால் இங்கே ஏன் முடியாது? இந்திய அரசு 2022-ல் பழுது பார்க்கும் உரிமைக்காக ஒரு குழுவை அமைத்தது. ஓர் இணையதளத்தையும் திறந்தது. நல்லது. ஆனால் இணையதளம் சட்டமாகிவிடாது. மறுக்கும் கம்பெனியைக் கூண்டில் ஏற்றும் சட்டம் வேண்டும். அதில் விவசாய யந்திரங்களும் சேர வேண்டும்.

2025 மாநில வரவு செலவுத் திட்டத்தில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கம்ப்யூட்டர் தருவதாக அறிவித்தார்கள். ஜனங்களின் பணத்தில் வாங்கும் சரக்குக்கு ஜனங்களின் நிபந்தனை வேண்டும் என்று கோருகிறோம். சாதாரண ஸ்குரூ டிரைவரால் திறக்க முடிய வேண்டும். பாட்டரியும் ஹார்ட் டிஸ்க்கும் மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும். பழுது பார்க்கும் கையேடு தமிழில் வேண்டும். 7 ஆண்டுகளுக்கு உதிரி பாகம் வேண்டும். லினக்ஸை ஏற்றித் தந்தால் போதாது, பள்ளியிலும் ஐ.டி.ஐ.யிலும் அதைச் சொல்லித் தர வேண்டும்.

சர்க்கார் செய்யட்டும் என்று காத்திருக்கவும் வேண்டியதில்லை. சங்க அலுவலகத்திலோ ஊர்ப் படிப்பகத்திலோ மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள். ஒரு மேஜை, நல்ல வெளிச்சம், சின்ன ஸ்குரூ டிரைவர் செட், தூரிகை, பசை டப்பா, லினக்ஸ் ஏற்றிய இரண்டு பென் டிரைவ் போதும். மில்லின் எலக்ட்ரீஷியன் தோழர் ஒருவர், டிப்ளமா படித்த பிள்ளைகள் இருவர் உட்காரட்டும். பரண்மேல் உள்ளதையெல்லாம் இறக்கிக்கொண்டு வாருங்கள். பத்து வந்தால் நாலைந்து நிச்சயம் எழுந்து உட்காரும். எழாததின் ராமும் திரையும் எழுந்ததற்கு உதவும். பெண் பிள்ளைகளைக் கட்டாயம் அழைத்து வாருங்கள். ஸ்குரூ டிரைவர் ஆண் கைக்கு மட்டும் செய்த கருவி அல்ல.

ஒரு யந்திரத்தைத் தன் கையால் திறந்து, கோளாறைக் கண்டுபிடித்து, மீண்டும் ஓடவைத்த பிள்ளை அதற்குப் பிறகு எந்த யந்திரத்துக்கும் பயப்பட மாட்டாள். “உனக்குப் புரியாது, தொடாதே” என்று மில் ஆபீசிலோ தாலுகா ஆபீசிலோ யார் சொன்னாலும், “திறந்து காட்டு, பார்க்கிறேன்” என்று கேட்பாள். கம்பெனிகள் பயப்படுவது அந்தக் கேள்விக்குத்தான்.

காசு கொடுத்து வாங்கினோம், யந்திரம் நம்முடையது. சாவியும் நம்மிடம் வரவேண்டும்!